இரண்டு கிழமைக்கு ஒரு கேள்வி

கனடாவில் வேலையிழந்து காப்புறுதிப் பணம் பெறுபவரிடம் வழக்கமாக இரண்டு கிழமைக்கு ஒருதரம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. இந்தக் காலத்தில் வேலை செய்தீர்களா, ஏதும் உழைத்தீர்களா? தொலைபேசியிலோ இணையத்திலோ பதில் சொல்லலாம். எதிரே முகம் இல்லை. எம்மவர் மத்தியில் இந்தக் கேள்வி, எப்படிச் சொன்னால் அகப்படாமல் தப்பலாம் என்ற அளவிலேயே பேசப்பட்டு வந்திருக்கிறது. இதில் அறம் சார்ந்த ஒரு பிரச்சினையும் உண்டு என்பதை நாம் பேசுவதில்லை.

அதற்குக் காரணம் இல்லாமலில்லை. அரசுக்கு உண்மை சொல்வதென்பது எமக்குப் பழக்கப்பட்ட விடயமல்ல. சோதனைச் சாவடிகளில் ஊரை மாற்றிச் சொன்னோம். எல்லைகளில் பெயரை மாற்றிச் சொன்னோம். அவை உயிரைக் காக்கச் சொன்ன பொய்கள். கொலைகாரன் வந்து கேட்டாலும், ஒளிந்திருக்கும் நண்பனைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது என்று ஜெர்மானியத் தத்துவஞானி கான்ற் 1797இல் வாதிட்டார். 1983 ஜூலையில் கொழும்பில் அயலவர் வீடுகளில் ஒளிந்து தப்பியவர்கள் இதை ஒருபோதும் ஏற்கமாட்டார்கள். வள்ளுவரும் ஏற்கவில்லை. குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மைதான் என்றார் அவர். ஆனால் அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், அதை எமது எல்லாப் பொய்களுக்கும் வைத்துப் பார்க்கவேண்டும்.

வேலை செய்துகொண்டே அதை மறைப்பது யாரை ஏமாற்றுகிறது? 'அரசாங்கத்தின் காசுதானே' என்பது வழமையான பதில். இது சரியல்ல. 1940இல் சட்டமாக்கப்பட்ட இத்திட்டத்துக்குத் தன் வழக்கமான பங்கைச் செலுத்துவதை மத்திய அரசு 1990இல் நிறுத்திவிட்டது. தொழிலாளரின் சம்பளத்தில் கழிபடுவதும், முதலாளி அதைப்போல் 1.4 மடங்கு கட்டுவதுமே இந்த நிதி. ஸ்காபரோவில் பெட்டி அடுக்கும் பெண்ணும், இரவில் கட்டடங்களைத் துப்புரவு செய்பவரும் போட்ட காசு அது. ஊரில் நாம் பிடித்த சீட்டை ஒத்தது. சீட்டில் எல்லோருக்கும் முறை வரும். இதில் முறை வராமலிருப்பதே நல்லது.

அதேவேளை சட்டத்தின் பங்கையும் சொல்லவேண்டும். 1990களில், வாராந்தக் கொடுப்பனவின் 25 வீதம் அல்லது 50 டொலர், இவற்றில் கூடியதற்கு மேல் உழைத்த ஒவ்வொரு டொலருக்கும் ஒரு டொலர் வெட்டப்பட்டது. உழைத்தும் கையில் எதுவும் மிஞ்சாதென்றால், உண்மை சொல்ல யார் முன்வருவார்? 2018இல் நிரந்தரமாக்கப்பட்ட விதியின்படி, உழைக்கும் டொலருக்கு 50 சதமே கழிக்கப்படுகிறது. முன்னைய வாரச் சம்பளத்தின் 90 வீதத்தைத் தாண்டினால்தான் முழுதாக வெட்டு விழும்.

ஓர் உதாரணம். கிழமைக்கு 600 டொலர் உழைத்தவருக்கு 55 வீதப்படி 330 டொலர் கிடைக்கிறது. பகுதிநேர வேலையில் 200 உழைத்து அதை அறிவித்தால், 100 கழிந்து வரிக்கு முன் மொத்தம் 430. மறைத்தால் 530. பொய்யின் பெறுமதி கிழமைக்கு 100 டொலர்.

அந்த 100 டொலரும் முழுதாக எம் கைக்கு வருவதில்லை. கைக்காசு கொடுக்கும் முதலாளிக்கு எமது இரகசியம் தெரியும். ஆகவே மணித்தியாலச் சம்பளத்தைக் குறைக்கிறார். காப்புறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் தான் கட்டவேண்டியதைக் கட்டாமல் விடுகிறார். அடுத்த தடவை வேலை போனால், பிரதேசத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம்வரை காட்டவேண்டும். கோப்பை கழுவிய அந்த மணித்தியாலங்கள் எந்தக் கணக்கிலும் இருக்காது. கை வெட்டுப்பட்டால், அங்கு வேலை செய்தோம் என்பதை நிறுவவே அலையவேண்டும். இவ்வளவும் நடக்க, எமது வம்பு கோப்பை கழுவியவரைப் பற்றியதாகவே இருக்கிறது. முதலாளி கோவில் திருவிழாவில் உபயகாரராக மாலையுடன் நிற்கிறார்.

வட்டிக்கு எடுத்த காசும், வீட்டு வாடகையும், ஊரில் காத்திருக்கும் தாயும் கழுத்தை நெரிக்கும் ஒருவரை இங்கிருந்து நாம் தீர்ப்பிடப் போவதில்லை. ஆனால் இந்தப் பொய்யைச் சோதனைச் சாவடியில் சொன்ன பொய்யோடு சேர்த்து வைக்கமுடியாது. அங்கே எதிரில் துப்பாக்கி இருந்தது. இங்கே எதிரில் இருப்பவர் எம்மைப்போல் நாளை வேலை இழக்கக்கூடிய இன்னொருவர். லாபத்தின் பெரும்பகுதி போவதோ மூன்றாவது ஆளிடம்.

'ஓம், வேலை செய்தேன்' என்று சொல்வதால் 100 டொலர் குறையும். ஆனால் அதைச் சொன்னவருக்கு மட்டுமே, முதலாளியிடம் சென்று 'என் மணித்தியாலங்களை எழுது' என்று பயமின்றிக் கேட்கமுடியும். எம்மவர் கடைகளிலும் உணவகங்களிலும் இப்படிக் கேட்பவர் எத்தனை பேர் என்பதை நாம் பேசத் தொடங்கவேண்டும்.