நகல் இல்லாத பொக்கிஷம்



பூச்சியும் துருவும் அரிக்கும் இடத்தில் பொக்கிஷம் சேர்க்க வேண்டாமென்று நமது ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் எச்சரித்ததைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அர்ச். மத்தேயு சுவிசேஷம் 6-ம் அதிகாரத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. அதைக் குறித்து வருஷக்கணக்காய்ப் பிரசங்கம் செய்து வந்த நானே அதை நன்றாய்க் கவனிக்கவில்லை என்பதை, சென்ற மாதம் என் கம்ப்யூட்டர் எனக்குப் படிப்பித்தது.

ஒருநாள் காலை பூசை முடிந்து வந்து அதன் பொத்தானை அழுத்தினேன். உள்ளேயிருந்து "டக், டக்" என்று சத்தம் வந்ததேயொழிய, திரையில் ஒன்றும் தோன்றவில்லை. பழுது பார்க்க வந்தவர் திறந்து பார்த்துவிட்டு, "சாமி, ஹார்டு டிஸ்க் போயிடுச்சு. வேற எங்கேயாவது காப்பி இருக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லை. பிரசங்கக் குறிப்புகளும், திருநாள் கணக்குகளும், படங்களும் ஒரே நாளில் போயின.

அவைகளுக்காக நான் அதிகம் துக்கப்படவில்லை. ஆனால் காலஞ்சென்ற என் தாயார், மரிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னதைச் செல்போனில் பதிவுசெய்து கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தேன். செல்போனில் இடம் போதவில்லையென்று அதிலிருந்து அழித்தும் விட்டேன். அந்தக் குரல் இன்று எங்குமில்லை. "சாமி, ஒரு காப்பி எடுத்து வையுங்கள்" என்று நமது பங்கு வாலிபர் ஒருவர் இரண்டு தடவை சொன்னார். "ஆகட்டும் தம்பி, பாஸ்கு திருநாள் முடியட்டும்" என்றேன். பாஸ்கு முடிந்தது, மாதா மோட்சாரோபணத் திருநாளும் முடிந்தது. நான் மட்டும் எழுந்திருக்கவில்லை.

ஹார்டு டிஸ்கினுள் வட்டமான தட்டு ஒன்று நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கிறது. அதைப் படிக்கும் முனை, தலைமயிரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாய் மெல்லிய இடைவெளியில், தட்டைத் தொடாமல் மிதக்கிறது. அது ஒருமுறை தட்டை உரசினால் போதும், எழுத்தெல்லாம் நாசமாய்ப் போகலாம். சுழலும் தட்டில்லாத புதுவகைப் பெட்டிகளும் ஒருநாள் ஓய்ந்துபோகிறவைகளே. நம்மாண்டவர் சொன்ன துரு இந்தக் காலத்தில் இப்படி வருகிறது.

தண்ணீராலும் வருகிறது. நமது கோவில்பதாகை ஏரியருகே குடியிருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களில் எத்தனையோ வீடுகளில் பட்டாவும், பள்ளிச் சான்றிதழும், ரேஷன் கார்டும் சேறாயின. பிறகு அரசாங்கம் சிறப்பு முகாம்கள் வைத்து மறுபிரதி கொடுத்தது. எப்படிக் கொடுக்க முடிந்தது? அலுவலகத்தில் இன்னொரு பதிவு இருந்ததால் கொடுக்க முடிந்தது. ஆனால் ஊறிக் கிழிந்த கலியாணப் படத்தை எந்த முகாமும் திருப்பிக் கொடுக்கவில்லை. நம்மிடம் மட்டும் இருந்தது நம்மோடு போயிற்று.

வேதாகமத்தைப் பாருங்கள். சர்வேசுரன் கற்பித்தபடி எரேமியாஸ் தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, பாரூக் என்பவர் ஒரு சுருளில் எழுதினார். யோவாக்கீம் அரசன் குளிர்கால மாளிகையில் கணப்பருகே உட்கார்ந்துகொண்டு, வாசிக்க வாசிக்க அதைக் கத்தியால் அறுத்து நெருப்பிலே போட்டான். சுருள் முழுவதும் சாம்பலாயிற்று. அப்போது சர்வேசுரன் என்ன செய்தார்? வேறொரு சுருள் எடுத்து, முந்தினவைகளையெல்லாம் திரும்பவும் எழுதச் சொன்னார். பாரூக் எழுதினார், இன்னும் பல வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன. எரேமியாஸ் ஆகமம் 36-ம் அதிகாரத்தை இன்றிரவு உங்கள் வீட்டில் உரக்க வாசியுங்கள்.

நமது தாயாகிய திருச்சபையும் இந்த விவேகத்தை வெகுகாலமாய் அநுசரித்து வருகிறாள். விவாகப் பதிவுப் புத்தகம் வைக்கவேண்டுமென்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-ல் கட்டளையிட்டது. 1917-ல் வெளியான திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் பங்குப் புத்தகங்களின் நகலை மேற்றிராணியார் அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னது. 1983-ம் வருஷத்துச் சட்டத்தின்படியும், நீங்கள் எங்கே மெய்விவாகம் செய்துகொண்டாலும், அந்தச் செய்தி உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்குப் போய் அங்குள்ள புத்தகத்திலும் ஏறவேண்டும். என் கம்ப்யூட்டர் பழுதான போதும் உங்கள் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவு ஒன்றும் போகவில்லை. அது மையால் எழுதப்பட்டு பீரோவில் இருக்கிறது.

நமது இனத்தின் பெருந்துக்கம் ஒன்றையும் சொல்லுகிறேன். யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்துக்குப் புதிய மாளிகை எழும்ப உழைத்தவர்களில் அர்ச். பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் சுவாமியாரும் ஒருவர். 1959-ல் திறக்கப்பட்ட அந்த மாளிகை 1981 மே மாதம் 31-ம் தேதி இரவு தீயிடப்பட்டது. சுமார் 97,000 நூல்களும், கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் வெந்தன. தமிழறிஞரான தாவீது சுவாமியார் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தாரென்று அவ்வூர் ஜனங்கள் இன்றும் துக்கத்தோடு நினைவுகூருகிறார்கள். வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களைத் திரும்பச் சேர்க்கலாம். ஒரே ஏடாயிருந்தவை போனவை போனவையே. ஆயினும் ஈழத்தமிழர் சோர்ந்திருக்கவில்லை. 2005 முதல் 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தில் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்துச் சேர்த்து வருகிறார்கள். பாரூக் செய்த வேலையை அவர்களும் செய்கிறார்கள்.

ஆகையால், அன்பான குடும்பத் தலைவர்களே, தாய்மாரே, அறிந்தவர்கள் சொல்லும் ஒழுங்கைக் கேளுங்கள். முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் இருக்கவேண்டும். அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்கவேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில், உங்கள் சகோதரி வீட்டிலோ, கிளவுட் என்னும் இணையச் சேமிப்பிலோ இருக்கவேண்டும். காப்பி எடுத்த டிஸ்கைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்கவேண்டாம். வைரஸ் வந்தால் இரண்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும். செல்போனும் கிளவுடும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால், ஒன்றில் அழித்தது மற்றதிலும் அழியலாம். அதை மட்டும் நம்பவேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த காப்பியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். புத்தியில்லாத ஐந்து கன்னியர்களிடமும் விளக்கு இருந்தது. எண்ணெய் இல்லையென்பது நடுராத்திரியில்தான் தெரிந்தது.

இவ்வளவும் உலகக் காரியம். இனி ஆத்தும காரியத்துக்கு வருவோம்.

என் தாயாரின் குரல் போயிற்று என்றேன். ஆனால் அவர்கள் எனக்குக் கற்பித்த ஜெபம் போகவில்லை. அந்த ஜெபத்தை என் நாவிலும், என் சகோதரிகளின் நாவிலும், அவர்களுடைய பிள்ளைகளின் நாவிலும் வைத்துவிட்டுத்தான் அவர்கள் போனார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத அந்த ஸ்திரீ, எனக்குமுன்பே காப்பி எடுத்து வைத்திருந்தார்கள். நீங்கள் எடுத்திருக்கிறீர்களா? தகப்பன் மனதுக்குள் மட்டும் இருக்கும் விசுவாசம், அவன் கண்மூடும்போது அந்த வீட்டைவிட்டுப் போய்விடும். பிள்ளைகள் கூட்டத்தோடு சேர்ந்து முணுமுணுப்பதை நம்பியிராதீர்கள். ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்தி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். காப்பியைத் திறந்து பார்ப்பது அதுதான்.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றுக்கும் நகல் எடுக்கலாம், ஆத்துமத்துக்கு நகலில்லை. ஒன்றே ஒன்றைத்தான் சர்வேசுரன் நம்மிடம் ஒப்புவித்திருக்கிறார். அதை இழந்தவனுக்கு உலகம் முழுவதும் கிடைத்தாலும் என்ன பிரயோசனமென்று சேசுநாதர் கேட்டார். "திருநாள் முடியட்டும்" என்று நான் காப்பியைத் தள்ளிப்போட்டதுபோல, நல்ல பாவசங்கீர்த்தனத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அண்ணனோடு பேசாமலிருக்கும் தம்பியும், "அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பார்ப்போம்" என்கிறான். அந்த "டக், டக்" சத்தம் முன்னறிவிப்புக் கொடுத்து வரவில்லை, மரணமும் அப்படியே.

இந்த வாரம் இரண்டு காரியம் செய்வோம். ஒருநாள் மாலை, வீட்டிலுள்ள வயதானவர்களை உட்கார வைத்து, அவர்கள் ஜெபத்தையும் குரலையும் பதிவுசெய்து, இரண்டு இடங்களில் வைப்போம். சனிக்கிழமை மாலை கோவிலுக்கு வந்து ஆத்துமத்தைச் சுத்தம்பண்ணிக்கொள்வோம். நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் காத்திருப்பேன். நம்மால் மறக்கப்பட்டவர்களையும், பதிவு அழிந்துபோனவர்களையும் சர்வேசுரன் மறப்பதில்லை. அவருடைய ஜீவிய புஸ்தகத்தில் நம்முடைய நாமங்கள் நிலைத்திருக்கும்படி தேவமாதா நமக்காக மன்றாடுவாளாக. ஆமென்.