முகவரியும் வாக்குரிமையும்

உரிமையொன்றை ஏட்டில் எழுதிவிட்டால் அரசின் கடமை நிறைவெய்திவிடுமா? அன்றி, அதனைக் குடிமகனின் கையிற் சேர்ப்பதும் அதன் பொறுப்பாகுமா? இவ்வினாவுக்கு ஊவாவின் தேயிலைத் தோட்டங்கள் தக்கதோர் உரைகல்லாகும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலாரை வாக்கற்றோராக்கின. 1949இன் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமோ, மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டுமென விதித்தது. நாள்தோறும் பறித்த கொழுந்தின் எடையும் வேலைக்கு வந்த நாளும் தோட்டத்துச் செக்ரோலில் பதியப்பட்டன. அதே தொழிலாளியிடமே வாழ்ந்ததற்குச் சான்று கேட்கப்பட்டது. 1964, 1974ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் மக்களை எண்ணிக்கையாற் பங்கிட்டன. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களே நாடற்ற நிலையைப் பெரிதும் அகற்றின.

சட்டம் மாறிற்று, முகவரி மாறவில்லை. பசறையிலும் அப்புத்தளையிலும் பல லயங்களுக்குத் தனி இலக்கமில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தை அடைந்து, பின்னரே உரியவரைச் சேர்வது நெடுநாள் வழக்கம். வாக்காளர் அட்டை வாராதொழியினும், இடாப்பிற் பெயரும் கையில் அடையாள அட்டையும் உள்ளவர் வாக்களிக்கலாம். ஆயின், பதிவுப் படிவமே வந்து சேராவிடின் பெயர் இடம்பெறுவது எங்ஙனம்? பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கவும் அவ்விடாப்பே வதிவிடச் சான்றாகின்றது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

"விழிப்புடையோர்க்கே உரிமை, தேடிப் பெறுவது குடிமகன் கடன்" என்பாருளர். இக்கூற்றில் உண்மையுண்டு. எனினும், வழியிருந்தும் நடவாதவனும் வழியே இல்லாதவனும் ஒருவரல்லர். வேலையும் வீடும் கடிதமும் ஒருவர் மேசை வழியே வருமிடத்து, அத்துரை எத்துணை நல்லவராயினும் குறை நீங்காது. பிறர் நல்லெண்ணத்தால் மட்டும் கிட்டுவது சலுகை. அவர் விரும்பாவிடினும் கிட்டுவதே உரிமை. ஆதலின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி முகவரி அளித்து, அதன் வாசல்வரை படிவத்தைச் சேர்ப்பது அரசின் ஈகையன்று, கடனேயாகும்.

நமக்கும் கடனுண்டு. லயத்திற் பிறந்து பல்கலைக்கழகம் புகுந்தோர் நம்மிடையே பலர். திருத்திய இடாப்பு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில், ஊர் சென்று அண்டை வீட்டாரின் பெயர்களையும் தேடிப் பார்ப்போமாக. அரசு தன் கடமையில் தவறியதைச் சுட்டும் தகுதி, தன் கடமையைச் செய்தவனுக்கே முழுமையாக வாய்க்கும்.