கோடை முகாமும் அயல்நாட்டு ஊழியரும்

1868-ஆம் ஆண்டில் வேல்ஸ் தேசத்து லான்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர், கடவுளின் அன்பைக் கூறும் வாசகமொன்றை மணலில் வரைந்து, அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளைக் கொண்டே அதனைக் கூழாங்கற்களால் அலங்கரிக்கச் செய்தார். விடுமுறைக்கால ஊழியத்தின் பிரசித்தமான தொடக்கங்களுள் ஒன்று அது. 1989-க்குப் பின், கம்யூனிஸ ஆட்சிகள் வீழ்ந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கு அமெரிக்கச் சபைகளிலிருந்து புறப்பட்டுச் சென்ற தொண்டர் குழுக்கள், ஆங்கிலப் பாடத்தோடும் விளையாட்டோடும் வேதக்கதைகளைக் கலந்து நடத்திய முகாம்களையும் அதே நோக்கின் நீட்சி எனலாம்.

ஆங்கிலம் கற்கும் ஆவலால் வந்த சிறுவனிடம், அவன் கேளாத விசுவாசத்தை எடுத்துரைப்பது தர்மமாகுமா? அதே 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, தன் 14-ஆவது விதியில் குழந்தையின் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், அதில் பிள்ளைக்கு வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் ஒருசேர மதிக்கிறது. ஆகவே, முகாமில் நடப்பது இன்னதென்று பெற்றோருக்கு முன்னரே தெரிவித்து அவர்கள் சம்மதத்தைப் பெற்றிருப்பின் குற்றமில்லை. மறைத்து அழைப்பது, எத்துணைப் புனிதமான நோக்கம் கொண்டதாயினும், வஞ்சனையே.

வேறொரு அபாயமும் உண்டு. கத்தோலிக்கம் ஆயிரம் ஆண்டுகளாக வேரூன்றிய போலந்துக்குச் சென்று கிறிஸ்துவைப் புதிதாக அறிமுகப்படுத்துவதாக எண்ணுவது (இவ்விதம் எண்ணுவோரும் உளர்!) பக்தியன்று, அகந்தை. போக விரும்புவோர், அந்நாட்டு மொழியைச் சிறிதேனும் பயின்று, உள்ளூர்ச் சபையாரின் சொல்லுக்கு அடங்கி, சமையற்கட்டில் பாத்திரம் துலக்கவும் சித்தமாயிருப்பின், தாராளமாகப் போகட்டும்.