முடிச்சிட்ட கை எது?

செஞ்சிக் கோட்டை மதிலைக் கண்டு உலகம் வியக்கிறது. 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. அம்மதில் பகைவரைத் தடுக்க எழுந்தது. பள்ளிக்குள் எழும் சாதி மதில் யாரைத் தடுக்க? பக்கத்து வீதிப் பிள்ளையையா?

அன்று சேரன்மாதேவிக் குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி. வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் 1925-இல் அதனை எதிர்த்து முழங்கினர். பந்தி போயிற்று, கயிறு வந்தது! மாணவர் மணிக்கட்டில் வண்ணக் கயிறு சாதியைப் பறைசாற்றுகிறது. அதனைத் தடைசெய்யுமாறு நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்தது.

ஆணை கயிற்றை அறுக்கும். முடிச்சிட்ட கையை என் செய்யும்? எந்தக் குழந்தையும் சாதியறிந்து பிறப்பதில்லை, பெரியவர்களே கற்பிக்கின்றனர். எனவே அவிழ்க்கும் கடமையும் அவர்களதே. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மையர். செஞ்சித் தோழர்களே, அங்கே கூடுவோம்; கட்டிய கையாலேயே அவிழ்க்கச் செய்வோம்!