பிறவாதவர்களுக்குப் பட்ட கடன்

தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டவனாகவே மனிதன் பிறக்கிறான் என்பது நம் சாஸ்திரங்களின் முடிவு. வேள்வியாலும் வேதம் ஓதுதலாலும் சந்ததியாலும் அக்கடன்களை அவன் தீர்க்கிறான். இம்மூன்றும் அவனுக்கு முன்னரே இருப்பவர்களுக்குச் செலுத்த வேண்டியவை. பின்னால் வரப்போகிறவர்களுக்குப் பட்ட கடன் என்று ஒன்று இவ்வரிசையில் தனியாக எண்ணப்படவில்லை. அன்று அதற்கு அவசியமும் இல்லை. ஒரு தலைமுறை எவ்வளவு தவறினாலும், அத்தவற்றின் விளைவைப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் ஆற்றல் அதனிடம் இருக்கவில்லை.

அந்த ஆற்றல் இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. அணு உலையிலிருந்து பயன்படுத்தி முடித்து வெளியே எடுக்கப்படும் எரிபொருளில் பல கதிரியக்கப் பொருட்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான புளூட்டோனியம்-239, பாதியாகக் குறைவதற்கே சுமார் 24,100 ஆண்டுகள் ஆகும். அந்த உலை தந்த மின்சாரமோ உற்பத்தியான கணமே செலவாகிவிடுகிறது. விளக்கின் ஒளியில் அமர்ந்திருந்தவன் ஒருவன். கரியைத் துடைக்க வேண்டியவன் வேறொருவன்.

செய்தவனே பலனை அனுபவிப்பான் என்பது கர்ம நியதி. மறுபிறவியை ஏற்பவர்கள், அந்த எதிர்காலத் தலைமுறையாக வரப்போவதும் நாமே என்று கூறக்கூடும். அழகான பதில்தான். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு அடுத்தவன் வாசலில் குப்பையைக் கொட்டுவதை எந்தத் தர்மமும் அனுமதிப்பதில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் கீதையின் பெயரால் எழுவது. 'கடமையைச் செய்; பலனைக் கருதாதே' என்று எளிதாகச் சுருக்கிச் சொல்லப்படும் உபதேசத்தை, விளைவைப் பற்றிக் கவலைப்படாதே என்று பொருள் கொள்வோர் உண்டு. பகவான் துறக்கச் சொன்னது பலனின் மீதுள்ள பற்றை. விளைவுக்கான பொறுப்பை அல்ல. பின்விளைவையும் அழிவையும் பிற உயிர்க்கு நேரும் துன்பத்தையும் தன் திறனின் எல்லையையும் எண்ணாமல் மயக்கத்தால் தொடங்கும் செயலை, அதே கீதை தன் பதினெட்டாம் அத்தியாயத்தில் தாமஸம் என்று வகைப்படுத்துகிறது. அணுக்கழிவின் விஷயத்தில் நடப்பது பலத் தியாகத்துக்கு நேர் எதிரானது: இனிய பலன் வைத்துக்கொள்ளப்படுகிறது, கசப்பான பலன் மட்டும் 'தியாகம்' செய்யப்படுகிறது.

இக்கேள்வி வெறும் தத்துவம் அல்ல, அரசாங்கங்களின் சட்டப் புத்தகங்களில் எண்களாகவே எழுதப்பட்டுள்ளது என்பதற்கு அமெரிக்கா சான்று. 1982-இல் அந்நாடு அணுக்கழிவுச் சட்டம் ஒன்றை இயற்றி, 1998 முதல் மின்நிலையங்களின் கழிவை அரசே ஏற்று நிலத்தடியில் நிரந்தரமாக வைக்கும் என்று உறுதியளித்தது. 1987-இல் நெவாடா மாநிலத்தின் யக்கா மலை மட்டுமே ஆராயப்பட வேண்டிய இடம் என்று திருத்தம் வந்தது. அம்மாநிலம் எதிர்த்தது. அந்நிலம் 1863-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தங்களுடையது என்று மேற்கு ஷோஷோனி பழங்குடியினரும் எதிர்த்தனர்.

எவ்வளவு காலத்துக்கு மக்களைக் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு முதலில் 10,000 ஆண்டுகள் என்று விதி எழுதப்பட்டது. மிக அதிகக் கதிர்வீச்சு அதற்குப் பின்னரே வெளிப்படக்கூடும் என்று அறிவியலாளர்கள் கூறியிருந்தனர். 2004-இல் நீதிமன்றம் அவ்விதியை ஏற்க மறுத்தது. 2008-இல் வந்த புதிய விதி பத்து லட்சம் ஆண்டுகள் வரை நீண்டது. ஆனால் அதில் இரண்டு அளவுகள் இருந்தன. முதல் 10,000 ஆண்டுகளில் வாழ்பவர் ஆண்டுக்கு 0.15 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெறலாகாது. அதற்குப் பின் வாழ்பவருக்கு வரம்பு 1 மில்லிசீவர்ட்.

இயற்கையிலிருந்தே மனிதன் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறான். ஆகவே இரண்டாவது அளவும் அச்சமூட்டுவது அன்று. அத்தனை தொலைவைத் துல்லியமாகக் கணிக்க இயலாது என்ற அதிகாரிகளின் விளக்கமும் நேர்மையானதே. ஆயினும் கணிக்க இயலாமை நம்முடைய குறை. அதற்கான விலையைச் செலுத்துபவர் மற்றவர். காலத்தால் தொலைவில் இருப்பவரின் உடல் இன்றிருப்பவரின் உடலைவிட மலிவானதாக ஆகிவிடுமா? எல்லா உயிரிலும் ஒரே ஆத்மாவைக் காணச் சொல்லும் வேதாந்தம், இடத்தின் தூரத்தைப் போலவே காலத்தின் தூரத்தையும் ஒரு உபாதியாகத்தான் கருதும்.

அதற்காகப் பூரண நிச்சயம் கிடைக்கும்வரை காத்திருப்பதும் தர்மமாகாது. யக்கா மலைக்கு 2008-இல் உரிமம் கோரப்பட்டது. பின்வந்த அரசு அத்திட்டத்தைக் கைவிட முற்பட்டது. 2011-க்குள் பணமும் நின்றது. விளைவாக அந்நாட்டின் கழிவு, தற்காலிகம் என்ற பெயரில் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் நிலத்தின் மேலேயே இருக்கிறது. முடிவெடுக்காமையும் ஒரு முடிவே. அதன் பாரமும் பிள்ளைகள் தலையில்தான் ஏறுகிறது.

'ஆபத்து' என்று எழுதி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அசோகச் சக்கரவர்த்தி தம் பிரஜைகளுக்கும் பின்வரும் சந்ததிக்கும் தர்மத்தைக் கல்லில் பொறித்தார். பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் அத்தூண்களில் ஒன்றைத் தில்லிக்குக் கொண்டுவந்தபோது, அதிலிருந்ததைப் படிக்க அழைக்கப்பட்ட பண்டிதர்களுக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் அந்த எழுத்தின் மர்மத்தைத் திறக்கும்வரை சக்கரவர்த்தியின் சொல் ஊமையாகவே நின்றது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குள், அதே மண்ணில், அது நேர்ந்தது.

பின்லாந்து வேறு வழியில் சென்றது. தன் கழிவின் ஒரு பகுதியை அது முன்பு ரஷ்யாவுக்கு அனுப்பிவந்தது. உள்நாட்டில் உண்டாகும் கழிவு உள்நாட்டிலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று 1994-இல் சட்டம் செய்தது. யூராயோக்கி என்ற சிற்றூருக்கு மறுக்கும் உரிமை தரப்பட்டது. அவ்வூர் மன்றம் 2000-இல் 20-க்கு 7 என்ற வாக்கில் சம்மதித்தது. அங்கே ஓல்கிலுவோட்டோவில், 180 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பாறையில், 400 மீட்டருக்கும் கீழே, செம்புக் கலங்களில் அடைத்துக் களிமண்ணால் சூழ்ந்து வைப்பதற்கான 'ஒன்கலோ' சுரங்கம் 2004 முதல் குடையப்பட்டது. செலவுக்கான பணத்தை, மின்சாரம் விற்கும்போதே நிறுவனங்கள் தனி நிதியில் செலுத்திவருகின்றன. அனுபவிக்கும்போதே கடனுக்கு எடுத்து வைப்பது இல்லற தர்மம் அறிந்த எவருக்கும் புரியும். பிரான்சு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மற்றொரு நுட்பத்தைச் சேர்த்தது: குறைந்தது 100 ஆண்டுகளுக்கு, பின்வருபவர்கள் விரும்பினால் முடிவை மாற்றிக்கொள்ள வழியிருக்க வேண்டும். கடனைத் தீர்ப்பதோடு பிள்ளைகளின் சுதந்திரத்தையும் பறிக்காதிருப்பது சிந்திக்கத் தக்கது.

பாரதத்தின் கொள்கை, பயன்படுத்திய எரிபொருளைக் கழிவாகக் கருதாமல் மறுசெயலாக்கம் செய்து புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் மீட்பது. இதனால் எஞ்சுவது அளவில் மிகவும் குறைகிறது. ஆனால் இல்லாமற் போவதில்லை. அது கண்ணாடியோடு சேர்த்து உருக்கி இறுக வைக்கப்பட்டு, தாராப்பூர் போன்ற இடங்களில் காற்றால் குளிர்விக்கப்பட்டுக் கண்காணிப்பில் வைக்கப்படுகிறது. ஆழ்நிலக் கிடங்குக்கு இப்போது அவசரமில்லை என்று அணுசக்தித் துறை கூறிவந்துள்ளது. கைவிடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கழிவு வரும் என்ற செய்தி 2012-இல் பரவியபோது மக்கள் கொதித்தெழுந்தனர், அப்படியொரு திட்டமே இல்லை என்று அரசு அறிவித்தது, ஊர் அமைதியடைந்தது. கண்ணாடியில் உறைந்த பொருள் இறுதியில் எங்கே போய்ச் சேரும் என்று அதற்குப் பின் அங்கே கேட்டவர் அதிகமில்லை. கேட்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் இன்னும் பிறக்கவில்லை.