தொக்கணமும் உடம்பின் தகுதியும்

உடம்பைப் பேணுவது பற்றை வளர்ப்பதா, வீடுபேற்றுக்கான கருவியைச் செம்மைப்படுத்துவதா என்னும் கேள்விக்குத் தமிழ்ச் சைவ மரபு ஒரே விடை தரவில்லை. பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாடல்களில் உடம்பு பெரும்பாலும் இகழ்ச்சிக்குரியதாக நிற்க, திருமந்திரமோ அதனை முதலில் இழுக்கென எண்ணிப் பின் இறைவன் உறையும் இடமாக உணர்ந்து ஓம்பிய மாற்றத்தைப் பேசுகிறது. சித்த மருத்துவம் கூறும் 32 புறமருந்துகளுள் ஒன்றான தொக்கணம், அதாவது எண்ணெய் இட்டோ இடாமலோ உடலைக் கையால் பிடித்துவிடும் முறை, இவ்விரண்டாம் பார்வையோடு இயைந்தது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக 9 வகைப்படும் இம்முறையில், வெதுவெதுப்பான எண்ணெய் தடவிக் கெண்டைக்கால் தசையைக் கட்டைவிரலால் அழுத்தி மேல்நோக்கி நீவுகையில், வளி எனப்படும் வாதத்தின் மிகுதி தணிவதாக அம்மருத்துவம் கொள்கிறது. தசை இறுக்கம் தளர்வதையும் பதற்றம் குறைவதையும் இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. அப்பயன் பெரும்பாலும் குறுகிய காலத்தது என்பது வேறு. நெடும் பயிற்சியால் யோகி வசப்படுத்த முயலும் மூச்சு, நீவப்படும் உடம்பில் முயற்சியின்றியே நீள்கிறது; ஆயினும் கை விலகியபின் அது பழைய நடைக்கே மீள்வதால், தொக்கணத்தைத் தவத்துக்கு ஈடாக வைப்பது மிகை, வெறும் சுகபோகம் என ஒதுக்குவதும் அதே அளவு பிழை.