உயிர் மீண்டார்க்கு நண்பர் செயற்பாலது

இடர் உற்றபோது ஓடிச்சென்று உதவுதல் நட்பின் இலக்கணம் என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்ததொன்று. உடை நெகிழ்ந்தவனுக்கு அவன் கை சென்றுதவும் விரைவினைத் திருவள்ளுவர் நட்பிற்கு உவமையாக்கினமையும் அன்பர் அறிவர். ஆயின், இடர் நீங்கிய பின்னர் நண்பர் செயற்பாலது யாது? இவ்வினாவினை எமக்குற்ற ஓர் அநுபவமே எழுப்பிற்று.

எம் நண்பர் ஒருவர் ஒருநாள் விடியலில் மாரடைப்பினால் வீழ்ந்தார். யாம் அவரை விரைந்து மருத்துவமனை சேர்த்தோம். இதயத்திற்குக் குருதியூட்டுங் குழாயினை அடைத்துநின்ற உறைவினை மருத்துவர் காலத்தே நீக்க, அவர் உயிர் மீண்டு, சின்னாளில் இல்லந் திரும்பினார். அதன்பின் அவரைக் காத்தலே எமக்குத் தொழிலாயிற்று. நடக்குமாறு மருத்துவர் கூறியிருந்தும், தெருவில் இறங்கலாகாது என்றோம், செய்தித்தாளை மறைத்தோம், காண வந்தாரை வாயிலிலேயே திருப்பினோம், அவர்தம் வரவுசெலவுக் கணக்கினையும் யாமே எழுதினோம். ஒரு திங்கள் சென்றபின் அவர் எம்மை நோக்கி, “என் உயிரை மீட்டீர்; அதனை எப்பொழுது என்பால் ஒப்புவிப்பீர்?” என்று மெல்ல வினவினார். யாம் விடையின்றி நின்றோம்.

இதனை ஆராயப் புகுந்த எமக்கு மருத்துவ வரலாறு ஒன்று துணைசெய்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இந்நோயுற்றாரை ஆறு வாரம்வரை படுக்கையினின்றும் எழவிடாது வைத்தனர். இதயத் தசையிலுற்ற புண் ஆறி வடுவாதற்கு அத்துணைக் காலம் வேண்டுமென்பது அக்கால மருத்துவர் கருத்து. ஆயின், அசைவின்மையாற் காலிற் குருதி உறைந்து, அவ்வுறைவு நுரையீரலிற் சென்றடைத்தலான் மாண்டாரும் உளர். 1952 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் லெவைன், பெர்னார்டு லவுன் என்னும் இருவர், அவர்களைத் தொடக்கத்திலேயே நாற்காலியில் அமர்த்துதல் நன்றென எழுதினர். இக்காலத்திலோ, வேறு இடர் இல்லாதார் ஓரிரு நாளில் நடக்கத் தொடங்குகின்றனர். நன்னோக்கத்தாற் செய்த காவலே கேடாயினவாறு காண்க.

அற்றேல், காவாது விடுதலே நட்போ எனின், அற்றன்று. மாரடைப்பினின்று மீண்டாருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என்பர் மருத்துவர். இரவில் நெஞ்சு சிறிது துடிப்பினும் இறுதி வந்ததென்று நடுங்குவாரும் பலர். முதல்நாளிற் பலர் சூழ்ந்த வாயிலில் மூன்றாந் திங்களில் ஒருவரும் இலராதல் உலகியல். அப்பொழுதே உடனிருப்பார் வேண்டப்படுகின்றனர்.

திருவள்ளுவர் மருந்தினை நாற்கூறாக வகுத்தபோது, நோயுற்றவனை முதற்கண் வைத்து, மருத்துவனையும் மருந்தினையும் அடுத்துரைத்து, அருகிருந்து பேணுவானை இறுதிக்கண் வைத்தார். பேணுவானும் மருந்தின் ஒரு கூறே. ஆயின் அவன் முதற்கூறு அல்லன். யாமோ அவ்வரிசையினைத் தலைகீழாக்கினோம். என்னை? எம் உள்ளத்தை உற்று நோக்கியபோது, அன்போடு வேறிரண்டும் ஆண்டுக் கலந்திருந்தன. ஒன்று, இவரை இழப்பின் யாம் எங்ஙனம் ஆற்றுவோம் என்னும் அச்சம். மற்றொன்று, இவரை யாமே காத்தோம் என்னுந் தற்போதம். எமது அச்சந் தீர்தற்பொருட்டே அவரைச் சிறைவைத்தோம் என்பதனை நாணத்துடன் உணர்ந்தோம்.

மறுநாள் கணக்கேட்டினை அவர் கையிற் கொடுத்தோம். மருத்துவர் குறித்த அளவின்படி, மாலைதோறும் அவருடன் தெருக்கோடிவரை நடந்தோம். அவர் நின்றவிடத்து யாமும் நின்றோம். கைகொடுக்க அவர் வேண்டினாலன்றி நீட்டிலோம். இரவில் அஞ்சிய நாட்களில், “அஞ்சற்க” என்று பல கூறாது அருகே அமர்ந்திருந்தோம்.

ஆகலின், உயிர் மீண்டவன் தன் வாழ்வினைத் தானே மீண்டும் ஏற்குமாறு செய்தலும், அவன் ஏற்குங்காறும் அவனை விட்டகலாமையும் நண்பர் கடனென்பதே எமது துணிபு. வீழ்ந்தபொழுது விரைந்து எடுத்தலினும் இஃது அரிது; நெடுங்காலம் வேண்டுவது; புகழுக்கும் இடனில்லாதது.